சுவோக்கி குதிரை: முதலில் வேலையைச் சொல்லுங்கள், அப்புறம் குதிரையைப் பார்க்கலாம்

பின்லாந்துக்கு வந்த புதிதில் ஒரு கிராமத்து லாயத்துக்குப் போயிருந்தேன். வரிசையாக நான்கு குதிரைகள். முதலாவது, குட்டைக் காலும் பெருத்த மார்புமாக, மரத்தடி இழுக்கவே செய்து வைத்ததுபோல் இருந்தது. அடுத்தது ஒட்டிய வயிறும் நீண்ட காலுமாக, நிற்கும்போதே ஓடத் துடித்தது. மூன்றாவது கழுத்தை அழகாக வளைத்துக்கொண்டு சேணத்துக்குக் காத்திருந்தது. கடைசியில் ஒரு மட்டக்குதிரை, அதன் பிடரிக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள் ஒரு சிறுமி. நான்கும் செவலை. நிறம் மட்டும்தான் ஒன்று, இனம் வேறு வேறு என்று நினைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன், லாயக்கார அம்மா நான்கு தடவையும் அதே சொல்லைத்தான் சொன்னார்: சுவோமென்ஹேவோனென். பின்லாந்துக் குதிரை. செல்லமாகச் சுவோக்கி.

இந்தக் கட்டுரை, சுவோக்கியில் சவாரி பழக நினைப்பவர்களுக்கும் ஒன்றை வாங்கவோ பகிர்ந்து வைத்துக்கொள்ளவோ யோசிப்பவர்களுக்கும். நான் நிபுணன் இல்லை, சில ஆண்டுகள் லாயத்தில் சாணி அள்ளியும் இரண்டு மூன்று தடவை விழுந்தும் கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் குதிரை புரியும், அதனால் சுருக்கமாக. 1907இல் இந்த இனத்துக்கு இனப்பெருக்கப் பதிவேடு தொடங்கினார்கள். அப்போது ஒரே கணக்குத்தான்: உழவு, காட்டு வேலை, வண்டி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பயணம், எல்லாவற்றுக்கும் ஒரே குதிரை. 1924இல் பாரம் இழுப்பது தனி, இலகுவான பொதுக்குதிரை தனி என்று இரண்டாகப் பிரித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பல்லாயிரம் குதிரைகளைப் பண்ணைகளிலிருந்து ராணுவம் எடுத்துக்கொண்டு போனது, நிறைய திரும்பி வரவில்லை. அப்படியும் 1950களில் நாட்டில் ஏறக்குறைய 4 லட்சம் இருந்தன. அப்புறம் டிராக்டர் வந்தது. டிராக்டரும் மரம் வெட்டும் இயந்திரமும் சேர்ந்து முப்பது ஆண்டுகளில் இந்த இனத்தைக் கிட்டத்தட்டத் துடைத்துவிட்டன, 1980களின் கடைசியில் மிஞ்சியது பதினைந்தாயிரத்துக்கும் குறைவு. வேலை போன குதிரைக்கு வேறு வேலை தேட வேண்டிய கட்டாயத்தில்தான் 1971இலிருந்து பதிவேட்டை நான்காக வைத்திருக்கிறார்கள்: வேலைக்குதிரை, ஓட்டக்குதிரை, சவாரிக்குதிரை, சிறுகுதிரை. இப்போது எண்ணிக்கை இருபதாயிரத்தைச் சுற்றி நிற்கிறது.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தில் ஒன்பதுக்கு மேல் செவலைதான், பெரும்பாலும் நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு. இது இயற்கையாக வந்ததில்லை. பதிவேடு தொடங்கிய காலத்தில் செவலைதான் நம் நாட்டுக் குதிரையின் நிறம் என்று தேர்ந்தெடுத்து, கறுப்பையும் சாம்பலையும் ஓரம் கட்டினார்கள். இன்று அந்த அரிய நிறங்களுக்கு ஆசைப்பட்டுத் தேடுகிறவர்கள் உண்டு. புதிதாக வருகிறவர் அந்த வலையில் விழ வேண்டாம், நிறத்துக்காகக் குதிரை வாங்கியவர் அதன் குணத்தோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்த வேண்டும்.

முதல் வேலை: உங்கள் வேலை என்ன?

குதிரையைப் பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள். வாரத்தில் எத்தனை நாள் நேரம் இருக்கிறது, காட்டுப் பாதையில் சும்மா சுற்ற வேண்டுமா, குதிரையை ஒழுங்கான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரஸ்ஸாஜ் கற்றுக்கொள்ள ஆசையா, தடை தாண்ட வேண்டுமா, வண்டியில் பூட்டி ஓட்ட வேண்டுமா, வீட்டில் பத்து வயதுப் பிள்ளையும் ஏறப்போகிறதா, உங்கள் எடை எவ்வளவு. கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் எழுதுங்கள். சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. சராசரி சுவோக்கி 550 கிலோ சுமாருக்கு வரும், ஆக மேல் எல்லை 110 கிலோ. வளர்ந்த ஆட்கள் தாராளமாக ஏறலாம், இந்த இனத்தைப் பலர் விரும்ப அதுவும் ஒரு காரணம். உயரம் சராசரியாக 155 சென்டிமீட்டர் பக்கம், ஏறுவதற்கு ஏணி தேட வேண்டியதில்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் நான்கு வகையையும் பார்க்க வேண்டும். வேலைக்குதிரைக்கு உடம்பு நீளம், கால் குட்டை, எலும்பு தடிப்பு. இதைப் பதிவேட்டில் சேர்க்க அழகை மட்டும் பார்ப்பதில்லை, இழுக்க வைத்துப் பார்க்கிறார்கள்: சறுக்குவண்டியில் பாரத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவார்கள், குதிரை எதுவரை நகர்த்துகிறது என்பதுதான் தேர்வு. நான் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சாட்டை கிடையாது, கத்தல் கிடையாது, ஓட்டுபவர் மெல்ல ஏதோ சொல்வார், குதிரை பின்னங்காலை மண்ணில் ஊன்றி வயிறு தரையைத் தொடுமளவு தாழ்ந்து இழுக்கும். இப்படிப்பட்ட குதிரைகள் இப்போது குறைவு, ஆனால் கனரக இயந்திரம் போனால் மரவேர் நசுங்கும் என்கிற இடங்களில் இன்றும் மரத்தடி இழுக்கின்றன. வண்டியும் சறுக்குவண்டியும் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இது. இந்தக் குதிரையை நுகத்தில் பூட்டுவதில்லை, கழுத்துப் பட்டையோடு, இரண்டு ஏர்க்கால்களையும் இணைத்துக் கழுத்துக்கு மேலே வளைந்து நிற்கும் ஒரு மரவில் இருக்கும், அதற்கு லுவோக்கி என்று பெயர். அதைக் கட்டப் பழகவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஓட்டக்குதிரைதான் எண்ணிக்கையில் பெரிய பங்கு. இங்கே பந்தயம் என்றால் மேலே ஜாக்கி உட்கார்ந்து பாய்ந்தோடுவது இல்லை, பின்னால் இரண்டு சக்கர வண்டியில் ஓட்டுபவர் உட்கார, குதிரை டிராட் நடையிலேயே ஓட வேண்டும். ஜட்கா வண்டிக் குதிரை ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த நடை தெரியும்: முன் இடதும் பின் வலதும் ஒன்றாக எழும், அப்புறம் மற்ற இரண்டு. பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் வேகத்தைக் குறைத்து மறுபடி டிராட்டுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் ஓட்டம் செல்லாது. நல்ல சுவோக்கி ஒரு கிலோமீட்டரை ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாக ஓடும், உச்சத்தில் இருப்பவை 1 நிமிடம் 20 வினாடியை நெருங்கும். 1924 முதல் நடக்கும் குனிங்குஸ்ரவித் என்ற ராஜபட்டப் போட்டி இந்த ஊர்த் திருவிழா மாதிரி, ஆண்டுக்கு ஓர் ஊரில் நடக்கும். இரண்டு நாளில் மூன்று ஓட்டம், 2,100 மீட்டர், 1,609 மீட்டர், 3,100 மீட்டர். ஆண் குதிரைகளில் ஜெயித்தது ராஜா, பெண் குதிரைகளில் ஜெயித்தது ராணி. குதிரை வாங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள், தொத்திறைச்சி வாசனையும் மழையும் சகித்துக்கொள்ள முடிந்தால்.

சவாரிக்குதிரைக்குக் கழுத்து நீளம், தோள்பட்டை சாய்வு, நடை மென்மை. டிரஸ்ஸாஜிலும் தடைதாண்டலிலும் பெரிய விளையாட்டு இனங்களோடு உலகப் போட்டிக்குப் போவதற்கில்லை, ஆனால் உள்ளூர்ப் போட்டிகளில் தயங்காமல் இறக்கலாம், சுவோக்கிகளுக்கென்றே தனிப் போட்டிகளும் உண்டு. சவாரிப் பள்ளிகளிலும், உடல்நலச் சிகிச்சைச் சவாரியிலும் நிறைய இருக்கின்றன. சிறுகுதிரை என்பது 148 சென்டிமீட்டருக்கு மிகாதது. ஏதோ தீனி இல்லாமல் வளர்ச்சி குன்றியது என்று நினைத்துவிடாதீர்கள், அதன் பரம்பரையையும் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். பிள்ளைகளுக்கும் குட்டையான பெரியவர்களுக்கும் அருமை.

கடவுச்சீட்டில் அந்த எழுத்து

பதிவேட்டில் சேர்த்த குதிரையின் எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருக்கும். டி என்றால் வேலை, ஜே ஓட்டம், ஆர் சவாரி, பி சிறுகுதிரை. பின்னிஷ் சொற்களின் முதல் எழுத்துகள். புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு இங்கேதான். ஆர் என்று இருந்தால் எனக்கான குதிரை, ஜே என்று இருந்தால் வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

அந்த எழுத்து இனப்பெருக்கத்துக்கானது. வளர்ந்த குதிரையைக் கொண்டுபோய்ச் சோதனை செய்து, இந்த வகையில் வாரிசு கொடுக்கத் தகுதியானது என்று சொல்வதுதான் அது. அப்பா ஜே, அம்மா டி என்று இருக்கலாம், பிறந்த குட்டி வளர்ந்து ஆர் ஆகலாம், நான்கு வகைக்கும் நடுவே சுவர் கிடையாது. இன்னொன்று, சவாரிப் பள்ளியில் நீங்கள் பார்க்கும் குதிரைகளில் நிறைய காயடித்த ஆண்கள், அவற்றால் வாரிசு இல்லை, அதனால் எழுத்தும் இருக்காது. எழுத்தே இல்லாத குதிரை தரம் குறைந்தது என்று அர்த்தம் இல்லை. ஆகவே கடவுச்சீட்டில், அதாவது குதிரையின் அடையாளப் புத்தகத்தில், பார்க்க வேண்டியது வேறு: அது இந்த நாட்டின் குதிரை வளர்ப்பு, பந்தய அமைப்பான சுவோமென் ஹிப்போஸ் கொடுத்ததா, அதில் உள்ள சிப் எண்ணும் குதிரையின் கழுத்தில் தோலுக்கடியில் வைத்த அடையாளச் சிப்பும் ஒன்றா, தடுப்பூசிகள் விடுபடாமல் போட்டிருக்கிறார்களா. பந்தயம் ஓடியிருந்தால் அதன் ஓட்டங்கள் பதிவில் இருக்கும், அதை உட்கார்ந்து படியுங்கள். எட்டு மாதம் ஓடாமல் ஒரு இடைவெளி இருந்தால், என்ன காயம் என்று கேளுங்கள். பதில் சொல்வதற்குமுன் விற்பவர் எத்தனை வினாடி யோசிக்கிறார் என்பதையும் பாருங்கள்.

பந்தயத்திலிருந்து வந்த குதிரை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் குறைந்த விலையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது பெரும்பாலும் இதுதான். ஓட்டத்தில் சோபிக்காத சுவோக்கி, அல்லது வயதாகி ஓய்வு பெற்றது. நல்ல குதிரைகள், வண்டியும் லாரியும் கூட்டமும் பார்த்துப் பழகியவை, எதற்கும் மிரளாது. ஆனால் சவாரிக்கு அவை எழுதப் படிக்கத் தெரியாதவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, கடிவாளம். பந்தயக் குதிரைக்குக் கடிவாளத்தில் அழுத்தம் வந்தால் அதில் சாய்ந்துகொண்டு வேகமாக ஓடத்தான் தெரியும். நீங்கள் பயந்துபோய் நிறுத்துவதற்காக இழுப்பீர்கள், அது உங்கள் உற்சாகத்தைப் பாராட்டி இன்னும் வேகமெடுக்கும். எனக்கு நடந்தது, காட்டுப் பாதையில் ஒரு கிலோமீட்டர். அன்றைக்குச் சொல்லித் தந்தவர் எனக்குக் கொடுத்த மருந்து எளிது: இழுத்துப் பிடிக்காதே, கொஞ்சம் பிடி, உடனே விடு, மறுபடி கொஞ்சம் பிடி, விடு, சாய்ந்துகொள்ளச் சுவர் இல்லாவிட்டால் அது சாயாது. முதலில் வேலியிட்ட களத்தில், நடையில் மட்டும், ஒரு பதினைந்து நாள் இதையே செய்யுங்கள். போரடிக்கும். பரவாயில்லை.

அடுத்து, உங்கள் கால். வண்டியில் இருப்பவரின் கால் குதிரையின் விலாவில் படவே படாது, அதனால் காலால் தட்டினால் என்ன அர்த்தம் என்று அதற்குத் தெரியாது. வாய்ச்சொல் தெரியும். சொல்லையும் காலையும் சேர்த்துக் கொடுத்து, மெல்லச் சொல்லைக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். அப்புறம் கேண்டர் என்ற மெதுவான பாய்ச்சல். வாழ்நாள் முழுக்கப் பாய்ந்தால் தப்பு என்று சொல்லி வளர்த்திருக்கிறோம், இப்போது திடீரென்று பாய் என்றால் அது குழம்பாதா? டிராட்டையே வேகமாக்கிக்கொண்டு போகும், மேலே உட்கார்ந்திருப்பவர் மிக்ஸியில் போட்டது மாதிரி ஆடுவார். மேட்டில் ஏறும்போது, அல்லது முன்னால் போகும் குதிரை பாயும்போது, அது தானாகவே பாய்ந்துவிடும், அந்த நொடியில் பாராட்டுங்கள். சில குதிரைக்கு ஆறு மாதம் ஆகும், சிலவற்றுக்கு ஒரு வருடம். இன்னொரு விஷயம், பந்தயத் தடத்தில் இங்கே எப்போதும் இடது பக்கமாகத்தான் சுற்றுவார்கள், அதனால் வலப்பக்க வட்டம் போடச் சொன்னால் கப்பல் திரும்புவதுபோல் திரும்பும். அது பிடிவாதம் இல்லை, அந்தப் பக்கத்துத் தசை வளரவில்லை.

இதற்கெல்லாம் பொறுமை இல்லை, நானே இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்றால், ஏற்கெனவே சவாரிக்குப் பழகிய பன்னிரண்டு பதிமூன்று வயதுக் குதிரையைப் பாருங்கள். சுவோக்கி மெதுவாக முதிரும், ஐந்து ஆறு வயதில்தான் முழு வளர்ச்சி, அப்புறம் இருபதைத் தாண்டியும் வேலை செய்பவை சாதாரணம். பன்னிரண்டு என்பது கிழம் இல்லை. புதிய சவாரிக்காரர், புதிய குதிரை, இரண்டும் சேர்ந்து கற்றுக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் அவர் விற்பவராகத்தான் இருப்பார்.

பார்க்கப் போகும் நாளில்

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் போங்கள், குதிரையை முன்கூட்டியே ஓட்டிக் களைப்பாக்கி வைத்திருக்கிறார்களா என்று தெரியும். நீங்களே வயலிலிருந்து பிடித்து வாருங்கள், நீங்களே குளம்பைத் தூக்குங்கள். முதலில் அவர்கள் ஏறட்டும், அப்புறம் நீங்கள். பிடித்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடாமல், இன்னொரு நாள், முடிந்தால் மழை பெய்யும் நாளில் மறுபடி போங்கள். வாங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரின் சோதனை, காலுக்கு எக்ஸ்ரே, இதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் மருத்துவர் வேண்டாம்.

கோடையில் பார்க்கப் போனால் பிடரியையும் வால் அடியையும் தடவிப் பாருங்கள். முடி உதிர்ந்து தடிப்புத் தட்டியிருந்தால் அது கொசுவைவிடச் சின்னதான ஒரு பூச்சி கடித்து வரும் கோடைச் சொறி, சுவோக்கிகளில் அங்கங்கே இருக்கிறது. குளிர்காலத்தில் ஒன்றும் தெரியாது, அதனால் குளிர்காலத்தில் வாங்குகிறவர்கள் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

சேணத்தைக் குதிரையோடு சேர்த்து விலை பேசுவார்கள், அவசரப்படாதீர்கள். இந்த இனத்துக்கு முதுகு மேசை மாதிரி அகலம், பிடரி முடியும் இடத்தில் மேடு குறைவு, அதனால் சேணம் முன்னால் வழுக்கித் தோளில் போய் உட்காரும். அகலமான சட்டம் உள்ள சேணம் வேண்டும், பொருத்திப் பார்க்கத் தெரிந்தவரைக் கூட்டி வாருங்கள். குதிரை இளைத்தாலும் பெருத்தாலும் மறுபடி பார்க்க வேண்டும், பெருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

தீனியில்தான் வம்பு

நம் ஆட்களுக்கு, எதையாவது நேசித்தால் சோறு போட்டாக வேண்டும். சுவோக்கியிடம் அந்தப் பாசம் ஆபத்து. குறைந்த தீனியில் பனியில் மரம் இழுத்த பரம்பரை அது, காற்றைக் குடித்தே பெருக்கும் என்று லாயத்தில் சொல்வார்கள். இன்று வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேரம் நடக்கும் குதிரைக்கு ஓட்ஸும் கேரட்டும் வாரிக் கொடுத்தால் கழுத்து மேல்பக்கம் கொழுப்பு கட்டும், அப்புறம் குளம்பு வீக்கம் வரும். குளம்புக்குள்ளே வரும் அந்த அழற்சி கொடுமையானது, நிற்கவே முடியாமல் துடிக்கும், சிலவற்றைக் காப்பாற்றவும் முடியாது.

கணக்கு இதுதான்: ஒரு நாளைக்கு உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் உலர்ந்த புல், 550 கிலோ குதிரைக்கு 8 முதல் 11 கிலோ. கண்ணளவு வேண்டாம், தொங்கு தராசு வாங்கி நிறுத்துப் போடுங்கள். அதைச் சின்னக் கண்ணியுள்ள வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டால் மெதுவாகத் தின்னும், நாள் முழுக்க வாய்க்கு வேலை இருக்கும். உப்புக்கட்டி, தாதுப்பொடி, தண்ணீர். வசந்தத்தில் பச்சைப்புல் வந்ததும் ஒரேயடியாக அவிழ்த்து விடாதீர்கள், முதல் நாள் கால் மணி நேரம், அப்புறம் நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாரம் ஒரு தடவை விலாவில் விரல் வைத்துத் தேய்த்துப் பாருங்கள், எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, விரலுக்குத் தெரிய வேண்டும்.

குளிருக்கு இந்தக் குதிரை பயப்படாது. தடித்த குளிர்கால ரோமத்தோடு, காற்று மறைவும் உலர்ந்த தரையும் இருந்தால், பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியிலும் வெளியே நின்றுகொண்டிருக்கும். பயப்பட வேண்டியது வேலை முடிந்து வியர்த்த ரோமம் காயாமல் நிற்பதற்குத்தான், ஈரத்தை உறிஞ்சும் போர்வை போட்டு, காய்ந்ததும் எடுத்துவிடுங்கள். லாடத்தில் பனிக்கட்டியைப் பற்றும் ஆணி போட வேண்டும், ஹொக்கி என்பார்கள். குளம்புக்கு அடியில் பனி உருண்டை கட்டாமல் இருக்க லாடத்தோடு ஒரு ரப்பரும் வைப்பார்கள், இல்லாவிட்டால் குதிரை குதிகால் செருப்புப் போட்டதுபோல் தடுமாறும். நவம்பரில் லாடக்காரர் கிடைப்பது கல்யாண மண்டபம் கிடைப்பது மாதிரி, செப்டம்பரிலேயே தேதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் வாளி உறைந்துபோகிறதா என்று காலையிலும் மாலையிலும் பார்க்க வேண்டும். மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில் உங்களுக்கும் குதிரைக்கும் ஒளி பட்டால் மினுங்கும் பட்டைகள் இல்லாமல் சாலைக்கு இறங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, இதை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். இங்கே குதிரையை நிறுத்தும் சொல் "ப்ட்ரூ". எழுதியிருப்பதைப் படித்தால் வராது, உதட்டை மூடிக் காற்றை விட்டு, குழந்தைகள் கார் ஓட்டுவதுபோல் உதடு அதிர வேண்டும். நான் பேருந்து நிறுத்தத்தில் பழகினேன், பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் நான் சொன்னது சரியில்லை என்று தலையாட்டிவிட்டு, அவரே ஒரு தடவை செய்து காட்டினார்.